நீருக்கடியில் பெயர் பெற்ற இடங்கள்

   

இலக்கிய மேடை ஒன்றில் கடலடியைப் பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என வகுத்துக்கொண்ட மரபு தமிழ் மரபு. அம்மரபில் கரை உண்டு; கழி உண்டு; கானல் உண்டு; மீன் உணங்கும் மணல்வெளி உண்டு. ஆனால் கடலின் அடித்தளம் பெரும்பாலும் முத்தும் பவளமும் விளையும் களஞ்சியமாக மட்டுமே எண்ணப்பட்டது. பவளத்தைத் 'துகிர்' என வழங்கிய பழந்தமிழர் அதனை மணிகளுள் ஒன்றாகக் கொண்டனர். அணிகலனாகும் செம்பவளமும் கடலில் திட்டுகளை எழுப்பும் பவளமும் உறவுடையனவே எனினும் ஒன்றல்ல. பின்னது மணி ஆவதில்லை. அது நிலம் ஆகிறது. நகத்தினும் சிறிய உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வீடுகள், தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கப்பலை உடைக்கும் பாறையாகவும் மக்கள் வாழும் தீவாகவும் உருப்பெறுகின்றன. மன்னார் வளைகுடா மீனவர் கடலடித் திட்டைப் 'பார்' என்பர். காண்பதற்குரிய வினைச்சொல்லும் அதுவே என்பது தற்செயலாக இருக்கலாம். என்றாலும் இன்றைய பொருளுக்கு அது நன்றாகப் பொருந்தி வருகிறது.

உலகின் மிகப் பெரிய பவளத்திட்டுத் தொகுதி ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டிக் கிடக்கும் பெரும் தடுப்புப் பவளத்திட்டு ஆகும். வடக்கே டோரஸ் நீரிணை தொடங்கித் தெற்கே பண்டபெர்க் நகரை நெருங்கும்வரை ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளம். தடுப்பு என்னும் பெயர் ஒரே நெடுஞ்சுவரை நினைவூட்டினாலும் உண்மையில் அது 2,900 அளவிலான தனித்தனித் திட்டுகளின் கூட்டம். 1975இல் அங்கே கடற்பூங்காச் சட்டம் பிறந்தது. 1981இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

வெள்ளையர் ஏட்டில் இத்திட்டு முதன்முதல் விரிவாகப் பதிவானது அழகிற்காக அன்று, அச்சத்தினால். 1770ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் இரவு, கேப்டன் ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் பவளத்தில் மோதி நின்றது. பீரங்கிகள் ஆறும், அடிப்பாரமாக வைத்திருந்த கல்லும் இரும்பும், இன்னும் பலவும் கடலில் வீசப்பட்டன. மறுநாள் இரவு உயர்நீரில் கப்பல் மிதந்தது. உடைத்த பவளத்தின் துண்டொன்று துளையிலேயே சிக்கி அடைத்துக்கொண்டதனால்தான் அது மூழ்காமல் தப்பியது. குக் அப்பகுதி முனைக்கு இட்ட பெயர் 'துன்ப முனை' என்னும் பொருள்படும் கேப் டிரிபுலேஷன். வழி தேடி அவர் ஏறிப் பார்த்த குன்றுடைய தீவிற்குப் பல்லிகளின் பெயரை வைத்தார். லிசர்ட் தீவு என்பது அது. அத்தீவிற்கு டிங்கால் முதுகுடியினர் 'ஜீகுரு' என்று முன்னரே பெயரிட்டிருந்தனர் என்பதை அவர் அறியார். குக் வீசிய பீரங்கிகளோ இரு நூற்றாண்டுகள் அங்கேயே கிடந்து, 1969இல் பவளம் போர்த்த நிலையில் மேலே எடுக்கப்பட்டன.

நீருக்கு மேலிருந்து கண்டோர் இட்ட பெயர்கள் இவை. நீருக்குள் இறங்கியோர் இட்ட பெயர்கள் வேறு வகையின. அவை தோன்றுவதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது.

1943இல் பிரான்சு நாட்டில், கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் சேர்ந்து உருவாக்கிய மூச்சுக்கருவிதான் ஸ்கூபா என்று இன்று வழங்கும் முக்குளிப்பைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. உருளையில் அடைத்த காற்றைச் சுமந்து செல்வது புதுமை அன்று. மூச்சிழுக்கும்போது மட்டும், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒப்பக் காற்றை விடும் அடைப்பிதழே அவர்தம் அருஞ்செயல். கடலில் 10 மீட்டர் இறங்கினால் மேலும் ஒரு வளிமண்டலத்தின் சுமை உடம்பின்மேல் ஏறும். 30 மீட்டரில் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது விரிகிறது. ஆகவே ஸ்கூபா பயில்வோர்க்குச் சொல்லப்படும் முதல் விதி: ஒருபோதும் மூச்சை அடக்காதே.

இங்குச் சற்றே நின்று எண்ண வேண்டும். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கிய மன்னார் முத்துக்குளிப்போனுக்கு மூச்சை அடக்குவதே தொழில். அடக்கிய மூச்சின் நீளமே அவன் வாழ்வின் அளவு. அவன் மேலிருந்து கொண்டுபோன காற்று, அவனோடு சுருங்கி அவனோடு விரியும். புதிய கருவியோடு இறங்குவோனோ ஆழத்திலேயே நுரையீரலை நிரப்புகிறான். அடக்கினால் அது கிழியும். ஒரே கடலில் ஒருவனைக் காத்த கலை மற்றவனைக் கொல்லும். விரைந்து மேலே வருதலும் தீது. குருதியில் கரைந்த நைட்ரசன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். பொறுமையாக, இடையே நின்று நின்று ஏறுதலே முறை.

இக்கருவியோடு பெரும் தடுப்புத் திட்டிற்கு வந்தவர்களுள் ஓர் எழுத்தாளரை இவ்வட்டம் நினைவுகூர்தல் பொருத்தம். அறிவியல் புனைகதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க், நண்பர் மைக் வில்சனோடு 1955இல் அங்கே முக்குளித்து, 'தி கோஸ்ட் ஆஃப் கோரல்' என்னும் நூலை 1956இல் வெளியிட்டார். விண்வெளியின் எடையின்மையை மண்ணுலகில் உணரும் வழி கடலுக்குள் இறங்குவதே என்பது அவர் கொள்கை. அதே 1956இல் இருவரும் இலங்கைக்கு வந்தனர். திருகோணமலையில் சுவாமிமலைக் குன்றின் அடிவாரக் கடலில் இறங்கினர். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் தூண்களும் செதுக்குக் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டு எழுதினர். வில்சன் மீட்ட இலிங்கம் மீண்டும் கோயிலை அடைந்தது. குயின்ஸ்லாந்துப் பவளத்தில் பயின்ற கண்களே கோணேசர் கோயிலின் கற்களை அடையாளம் கண்டன என்பது தமிழர் மறக்கத் தகாத தொடர்பு.

இனிப் பெயர்களுக்கு வருவோம். பெரும் தடுப்புத் திட்டில் முக்குளிப்போர் இறங்கும் இடங்கள் நூற்றுக்கணக்கின. எல்லாவற்றையும் அடுக்குதல் வழிகாட்டி நூலின் வேலை. தெற்கே லேடி எலியட் தீவில் கொம்புத் திருக்கைகள் சிறகு விரித்து வருவதையும், ஹெரான் தீவில் ஆமைகள் கரையேறுவதையும், போர்ட் டக்ளஸ் ஊரிலிருந்து படகுகள் நாள்தோறும் செல்லும் அஜின்கோர்ட் திட்டையும் பெயரளவில் சொல்லிக் கடக்கலாம். விரித்துச் சொல்ல வேண்டியவை இரண்டு.

முதலாவது, பவளம் தானாக எழுப்பாத இடம். 1911 மார்ச்சு 23ஆம் நாள், 'யோங்கலா' என்னும் நீராவிக் கப்பல் மெக்கே துறையை விட்டு வடக்கே டவுன்ஸ்வில் நோக்கிப் புறப்பட்டது. நீளம் 109 மீட்டர். கப்பலில் 122 பேர். அது புறப்பட்ட பின்னரே புயல் வருகிறது என்னும் தந்தி துறைமுகத்திற்கு வந்து சேர்ந்தது. எச்சரிக்கைக் கொடி ஏற்றினர். காண ஆள் இல்லை. கப்பலிலோ கம்பியில்லாத் தந்தி இல்லை. அக்கப்பலுக்கென வாங்கிய கருவி அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தது என்று பதிவுகள் கூறுகின்றன. அதன்பின் யோங்கலா எந்தத் துறையையும் அடையவில்லை. சில அஞ்சற் பைகளும் சரக்கும் கரையொதுங்கின. 'மூன்ஷைன்' என்னும் பந்தயக் குதிரையின் உடல் ஒதுங்கியது. மனிதர் ஒருவரும் மீளவில்லை. எங்கே மூழ்கியது என்பதே 40 ஆண்டுகளுக்கு மேல் தெரியாத செய்தியாக இருந்தது. 1958இல் இறங்கிப் பார்த்தவர்கள் கப்பலின் இரும்புப் பெட்டகம் ஒன்றை மேலே கொணர்ந்தனர். பெட்டகம் செய்தவர்கள் அதில் பொறித்த எண்ணைக் கொண்டு கப்பலின் பெயர் உறுதியாயிற்று.

கேப் பௌலிங் கிரீன் முனைக்குக் கிழக்கே, 30 மீட்டர் ஆழத்தில், வலப்புறம் சாய்ந்தபடி யோங்கலா கிடக்கிறது. சுற்றிலும் மைல் கணக்கில் மணல். பவளத்தின் குஞ்சு ஒட்டிக்கொள்ள அப்பாலை நிலத்தில் கெட்டியான பொருள் வேறு ஏதும் இல்லை. ஆகவே நீரோட்டம் கொணர்ந்த உயிரெல்லாம் அந்த இரும்பின்மேல் இறங்கின. மென்பவளங்கள் கைப்பிடிச் சுவர்களை மூடின. சிறு மீன்கள் தளங்களில் குடியேறின. அவற்றைத் தின்னப் பாரை மீன்கள் வந்தன. கடற்பாம்புகளும் ஆமைகளும் திருக்கைகளும் வந்தன. மனிதனினும் பெரிய களவா மீன் நிழல்போல் அடியில் நகர்வதைப் பார்த்தோர் பலர். உலகின் சிறந்த முக்குளிப்பிடங்களுள் ஒன்றென இன்று இதனை எண்ணுகின்றனர்.

ஆயினும் அது 122 பேரின் கல்லறை. ஆஸ்திரேலியச் சட்டம் அதைக் காக்கிறது. கப்பலுக்குள் நுழைதல் கூடாது, எதையும் தொட்டு எடுத்தல் கூடாது. உள்ளே புகுந்தால் வெளிவிடும் மூச்சின் குமிழிகளே மேற்கூரையில் தங்கி இரும்பை அரிக்கும் என்பதும் ஒரு காரணம். மனிதன் மூச்சு விடுவதே ஊறாகும் இடம் என்றால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தனியே சொல்லத் தேவையில்லை. கல்லறைமேல் களியாட்டம் தகுமோ என்று கேட்போர் உண்டு. யோங்கலாவில் இறங்குவோர் பெரும்பாலும் முதலில் அதன் கதையைக் கேட்ட பின்னரே இறங்குகின்றனர். அக்கதை இல்லையேல் அந்த 122 பேரைக் குயின்ஸ்லாந்துக்கு அப்பால் நினைப்போர் யார்?

இரண்டாவது இடம் வடக்கே. லிசர்ட் தீவுக்கு அருகே திட்டின் வெளிவிளிம்பு நாடாப்போல் நீண்டு செல்கிறது. அவை ரிப்பன் திட்டுகள். ஒன்று முதல் பத்து வரை எண்களே அவற்றின் பெயர். அதற்கு அப்பால் அடி ஆழ்கடலுக்குச் சரிகிறது. பத்தாம் ரிப்பனின் வட முனையில் 'காட் ஹோல்' என்னும் பள்ளம் இருக்கிறது. உருளைக்கிழங்குக் களவா என்று அங்குள்ளோர் அழைக்கும், கரும்புள்ளி படர்ந்த பேருடல் மீன்கள் அங்கே கூட்டமாக வாழ்கின்றன. ஆள் நீளம், ஆள் எடைக்கு மேல். ரான் டெய்லர், வலேரி டெய்லர் என்னும் முக்குளிப்புத் தம்பதியர் 1970களில் அவ்விடத்தை உலகறியச் செய்தனர். 'ஜாஸ்' திரைப்படத்திற்கு உண்மைச் சுறாக்களைப் படம்பிடித்துக் கொடுத்தவர்களும் அவர்களே. அப்படம் மூட்டிய அச்சத்தைக் கண்டு வருந்தி, பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கப் பேசியவர்களும் அவர்களே. காட் ஹோல் மீன்கள் மனிதரை அஞ்சவில்லை. அருகே வந்து முகத்தை உற்றுப் பார்த்தன. அஞ்சாத மீனைப் பிடிப்பது எளிது. பெயர் பரவியதும் தூண்டிலும் வரும் என்பதை உணர்ந்து, இருவரும் பாதுகாப்புக் கோரினர், அது கிடைத்தது. ஆனால் உணவு கொடுத்துப் பழக்கும் வழக்கமும் வளர்ந்தது. கையிலிருந்து தின்னப் பழகிய மீன் கையையே கவ்விய நிகழ்ச்சிகளும் உண்டு. ஓரிடத்திற்குப் பெயர் வைப்பதும் அதைக் கெடுக்கத் தொடங்குவதும் பல வேளைகளில் ஒரே நாளில் நிகழ்கின்றன.

அதே ரிப்பன் திட்டுகளில் சூன், சூலை மாதங்களில் குறு மிங்கித் திமிங்கலங்கள் வருகின்றன. அங்கே முறை தலைகீழ். மனிதர் துரத்தலாகாது, படகிலிருந்து நீளும் கயிற்றைப் பற்றிக்கொண்டு அசையாமல் மிதக்க வேண்டும். திமிங்கலம் விரும்பினால் வந்து பார்த்துச் செல்லும். காட் ஹோலினும் இது பண்பட்ட முறை எனலாம்.

கடலில் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதைக் காட்டிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் விடலாகாது. 1998 சனவரி 25ஆம் நாள், போர்ட் டக்ளஸிலிருந்து சென்ற படகொன்று செயின்ட் கிரிஸ்பின் திட்டில் பயணிகளை இறக்கியது. மாலையில் தலைகளை எண்ணியதில் பிழை. கணவனும் மனைவியுமாகிய அமெரிக்கர் இருவர் நீரிலேயே விடப்பட்டனர். அவர்தம் பை படகில் கிடப்பது கண்டு ஐயுற்றது இரண்டு நாள் கழித்து. தேடினர், கிடைக்கவில்லை. மூச்சுக்கருவி பழுதுபடவில்லை, சுறா தாக்கியதாகச் சான்றில்லை, புயல் இல்லை. எண் ஒன்றே தவறியது. அதன்பின் குயின்ஸ்லாந்தில் விதிகள் இறுகின. இறங்கும்போதும் ஏறிய பின்னும் எண்ணிக்கை எடுத்துப் பதிய வேண்டும். ஒருவர் எண்ணியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். இன்று அப்படகுகளில் செல்வோர் பெயர் கூப்பிடும்வரை படகு நகராது என்பதைத் தொல்லையாக நினைப்பதுண்டு.

பவளம் தன்னை வெளிப்படுத்தும் இரவு ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர்கள் இரவில் இறங்கிக் காத்திருந்து கண்ட உண்மை அது. வசந்தத்தின் இறுதியில், முழுநிலவுக்குப் பின் சில நாள் கழித்து, இருள் கவிந்ததும், பல்வேறு வகைப் பவளங்கள் ஒரே வேளையில் முட்டையும் விந்தும் திரண்ட சிறு உருண்டைகளை விடுகின்றன. இளஞ்சிவப்பு மணிகள் அடியிலிருந்து மேலே மிதந்து எழும்; விளக்கொளியில் காண்போர் தலைகீழாகப் பெய்யும் மழை என்பர். மறுநாட் காலை கடற்பரப்பில் செம்படலம் மிதக்கும். அதற்குமுன் உலகம் பவளத்தை நன்கு அறிந்ததாகவே எண்ணிக்கொண்டிருந்தது. 1928-29இல் மாரிஸ் யோங் தலைமையில் லோ தீவுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கி ஆய்ந்த குழு, பவளத்திற்கும் அதன் உடலில் வாழும் நுண்பாசிக்கும் உள்ள உறவை நுணுகி ஆராய்ந்தது. அக்குழுவில் சிட்னி மேன்டன், ஷீனா மார்ஷல் முதலிய பெண் அறிவியலறிஞர்களும் இடம்பெற்றிருந்தனர். தலையில் கவிழ்க்கும் உலோகக் கூட்டோடு பகலில் இறங்கிய அவர்களுக்கு அந்த இரவுக்காட்சி கிட்டவில்லை.

அந்த நுண்பாசியே இன்றைய துயரத்தின் நடுப்புள்ளி. பவளத்தின் நிறம் பெரும்பாலும் பாசியின் நிறம். பவளத்தின் உணவும் பெரும்பகுதி பாசி ஒளியிலிருந்து சமைத்துத் தருவது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால் போதும், அவ்வுறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். கண்ணாடிபோன்ற தசைக்குள் வெண்ணெலும்பு தெரியும். இதனை வெளிறுதல் என்பர். வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. நீர் குளிர்ந்தால் பாசி மீளும். குளிராவிடில் பட்டினியால் மடியும். 1998இலும் 2002இலும் பெரும் வெளிறல் நேர்ந்தது. பின்னர் 2016, 2017, 2020, 2022, 2024 என அடுத்தடுத்து வந்தது. 2016இல் மட்டும், ஆழம் குறைந்த நீரிலுள்ள பவளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சில மாதங்களில் மடிந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டனர். மிகக் கடுமையாக அடிபட்டது வடபகுதி. லிசர்ட் தீவு அதில் அடங்கும். மீட்சியும் இல்லாமல் இல்லை. விரைந்து வளரும் கிளைப்பவளங்கள் சில ஆண்டுகளில் பல திட்டுகளை மீண்டும் போர்த்தின. ஆனால் இரண்டு வெளிறல்களுக்கு இடையிலான ஆண்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. நூற்றாண்டு வயதுடைய குண்டுப்பவளம் இரண்டாண்டில் திரும்பி வராது.

இதில் ஒரு கொடுமை உண்டு. வெளிறிய பவளம் முதன்முறை காண்போர்க்கு அழகாகவே தோன்றும். நீல நீரில் வெள்ளை வெளேரென்று ஒரு தோட்டம்; சில வகைகளில் ஊதாவும் நீலமும் ஒளிரும். பசித்துச் சாகும் உயிரைப் படம்பிடித்து மகிழ்ந்து மேலே வருவோர் உண்டு. முன்பு எப்படி இருந்தது என்று அறிந்தவனுக்கே இழப்புத் தெரியும். ஆகவேதான் ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இறங்கி வரும் படகுத் தொழிலாளரும் வழிகாட்டிகளும் இன்று பெறுதற்கரிய சான்றாளர் ஆகியுள்ளனர்.

முக்குளிக்க வருவோரே கேடு என்று சொல்வோரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரு துடுப்புக் காலணி பட்டால் பத்தாண்டு வளர்ந்த கிளை முறியும்; தொலைநாட்டிலிருந்து அவர்களைச் சுமந்துவரும் வானூர்தியின் புகையும் கடலைச் சூடாக்கும் புகையே. மறுபுறம், இத்திட்டைச் சார்ந்து 64,000 பேருக்கு வேலை என்று 2017இல் வெளியான பொருளாதார மதிப்பீடு ஒன்று கூறியது. திட்டிற்கு வருவோர் ஒவ்வொருவரும் செலுத்தும் கட்டணம் அதன் பராமரிப்புக்குச் செல்கிறது. கிரீன் தீவில் 1962இல் முட்கிரீட நட்சத்திர மீன் பெருகிப் பவளத்தைத் தின்பதை அறிவித்த காலம் தொட்டு, அதை எதிர்த்து நீருக்குள் போராடுவோரும் முக்குளிப்போரே. ஒவ்வொரு மீனாகத் தேடிப் பிடித்து, ஊசியால் பித்தநீரோ காடியோ செலுத்திக் கொல்கின்றனர். எத்தனை கொன்றோம் என்று எண்ணி எழுதுகின்றனர். காணாத இடத்துக்காக வழக்காடுவோர் குறைவு. கண்டவர் அனைவரும் வழக்காடுவார் என்பதும் பொய். இவ்விரண்டுக்கும் இடையில்தான் உண்மை இருக்கிறது.

கடற்பூங்கா ஆணையம் 'ஐ ஆன் தி ரீஃப்' என்னும் திட்டமொன்றை நடத்துகிறது. நீரில் இறங்கும் யாரும் தாம் கண்டதைப் பதியலாம். ஆய்வாளர்களும் வழிகாட்டிகளும் பலகை ஒன்றையும் பென்சிலையும் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குகின்றனர். பென்சில் நீரிலும் எழுதும். கண்ட மீன், வெளிறிய பவளம், வெளிறாத பவளம், ஆழம், நாள், இடத்தின் பெயர் ஆகியவை அப்பலகையில் ஏறுகின்றன. பின்னர் மெதுவாக மேலேறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் சில நிமிடம் நின்று, படகை அடைகின்றனர். அங்கே ஒருவர் தலைகளை எண்ணுகிறார். இன்னொருவர் மறுபடியும் எண்ணுகிறார்.